பூட்ஸ் எண்ணித் தண்ணீர் விடுகிறவள்

வளைகரை ஏரி
அக்டோபர் 21

என் கிழவனுக்கு,

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விடுமுறைக்கு வந்துவிட்டு நீ விட்டுப்போன அழுக்கு மூட்டையை நான் உடனே துவைக்கவில்லை. முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு சட்டை, ஒவ்வொன்றாக. சந்தேகமெல்லாம் இல்லை. மூக்கு இருக்கிறது, சட்டை இருக்கிறது, அவ்வளவுதான். உன் தங்கை வெர்னா வழக்கம்போலக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, எங்கண்ணன் சட்டைய வேட்டைநாயாட்டம் மோந்துக்கிட்டிருக்க?"

"அழுக்கு எவ்வளவுன்னு பாக்கறேன்டி. அதுக்கேத்த மாதிரி சோப்பு போடணும்ல."

"சோப்பு போடத்தான் கண்ண மூடிக்கிட்டியா?"

சட்டியில் சுட்ட பானக் ரொட்டி இரண்டு துண்டைக் கையில் கொடுத்து விரட்டினேன். போகிற வழியில் நாலு வீட்டில் சொல்லியிருப்பாள்.

ஏழாவது சட்டையில் இனிப்புப்புல் புகை வாசனை, பிரார்த்தனைக்குக் கொளுத்துவார்களே, அது. நம் வீட்டில் அதை யார் கொளுத்துகிறார்கள்? பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. உன் கையெழுத்துதான், மூஸ் மான் மிதித்துவிட்டுப் போன சேறு மாதிரி. ஆனால் ஓரத்தில் பச்சை மையில் வேறொரு கை, உருண்டை உருண்டையாக எழுதியிருந்தது: "இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரும்போது இன்னும் சொல்லுங்கள். லொரெட்டா." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் சிரிக்கும் முகத்தைப் படிக்கப் பட்டம் வேண்டியதில்லை.

நாற்பத்தெட்டு வயதில் வாத்தியார் ஆகப்போகிறேன் என்று வின்னிபெக்குக்கு விமானம் ஏறினாய். நானும் தண்ணீர் லாரியை ஓடுபாதை வரைக்கும் ஓட்டிவந்து ஹாரன் அடித்து வழியனுப்பினேன். செவ்வாய்க்கிழமையைப் பற்றி அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொலைபேசியில் கேட்கலாம். நீ "ம்" என்பாய். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். வெறும் "ம்" எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்ட உனக்கே கூச்சமாக இருக்கும் பார்.

டெல்ஃபீன்

சட்டைகளைத் துவைத்தாகிவிட்டது. ஏழாவதைத் தவிர.


வின்னிபெக்
அக்டோபர் 29

டெல்ஃபீன்,

கடிதம் கிடைத்தது. நலம். இங்கே தரையில் இன்னும் பனி படியவில்லை. மதியத்துக்குச் சூப் குடிக்கிறேன்.

லொரெட்டா பல்கலைக்கழகத்து எழுத்து உதவி அறையில் வேலை பார்க்கிறார். பூர்வகுடி மாணவர்களுக்கென்றே வைத்த அறை அது. நாம் க்ரீ இனம், அவர் தெற்கே அனிஷினாபே இனம். காலையில் அங்கே இனிப்புப்புல் கொளுத்துவார்கள். வாசனை அப்படி வந்ததுதான். காகிதத்தில் அவருக்குப் பிடித்திருந்த இடம் உன் லாரியைப் பற்றி நான் எழுதிய அரைப் பக்கம்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் கட்டுரையில் எனக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. "இதில் உங்கள் வாதம் எங்கே?" என்று பேராசிரியர் கேட்டிருந்தார். நானும் தேடிப் பார்த்தேன். இல்லை. இரண்டாவது கட்டுரை, நம் ஊர்களின் குடிதண்ணீர் பற்றிப் பன்னிரண்டு பக்கம், டிசம்பர் 2-க்குள் கொடுக்க வேண்டும். அதிலும் தோற்றால் அடுத்த பருவத்துக்கு இடமில்லை. மூட்டையோடு வீட்டுக்கு வந்துவிடுவேன். அதுவும் துவைக்காத மூட்டையாகத்தான் இருக்கும்.

பயந்துபோய்த்தான் அந்த அறைக்குப் போனேன். பேனாவைக் கையில் எடுத்தேன். லொரெட்டா அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டார்.

"மொதல்ல எழுத வேணாம். பேசுங்க. நான் பதிவு பண்ணிக்கிறேன். அப்புறமா அதைக் கேட்டு எழுதலாம்."

"எனக்குப் பேச வராதுங்க."

"அப்ப டீ குடிங்க."

மூன்றாவது கோப்பையில் வந்தது. ஒரு மணி நேரம் பேசினேன் என்று கருவி காட்டியது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் நல்ல பழக்கம், கை இளகும் என்றார்.

அவர் அழகா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். ஆம். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாய் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இசிடோர்


வளைகரை ஏரி
நவம்பர் 5

பேச்சாளருக்கு,

அழகா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், "கண்ணாடி போட்டிருப்பார், சரியாகப் பார்க்கவில்லை" என்று ஒரு நல்ல புருஷன் எழுதியிருப்பான். உன் கடிதத்தை வெர்னாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆம்" என்ற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் மூக்கு வழியாகத் தேநீர் வந்தது.

"எங்கண்ணனுக்கு இவ்வளவு தைரியமா? டவுன் தண்ணி குடிச்சா இப்படித்தான் அண்ணி. அங்க காய்ச்சாமயே குடிக்கிறாங்கல்ல."

ஒரு மணி நேரமா? நம் கல்யாணத்தன்று நீ பேசியது மொத்தம் மூன்று சொல். அதில் இரண்டு பாதிரியார் சொல்லிக்கொடுத்தது. மூன்று கோப்பைத் தேநீரில் உனக்குப் பேச்சு வருமென்றால், இருபத்திரண்டு வருஷமாக நான் போட்ட தேநீரில் என்ன குறை என்று தெரிந்தாக வேண்டும். இலையா, பாலா, போட்டவளா?

முப்பத்தெட்டைப் பற்றிச் சிரிக்க மாட்டேன். சிரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வலையில் மீன் விழாத அன்றைக்கு இருக்குமே, அந்த முகம். ஆனால் ஒன்று கேட்கிறேன். முப்பத்தெட்டு அவளுக்கு என்றைக்குத் தெரியும், எனக்கு என்றைக்குத் தெரியும்? அவளுக்கு மறுநாளே தெரிந்திருக்கும். எனக்கு ஒரு மாதம் கழித்து, அதுவும் அவளைப் பற்றிய கடிதத்தின் நடுவில். அவள் அழகைவிட இதுதான் என்னைக் குத்துகிறது. அழகும் குத்துகிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்னதான் சொன்னாய்? வரிசையாக எழுது. கை இளகட்டும்.

டெல்ஃபீன்


வின்னிபெக்
நவம்பர் 12

டெல்ஃபீன்,

சொல்லிவிடுகிறேன். நீ கோபப்படுவாய்.

முதலில் ஏரியைப் பற்றிச் சொன்னேன். பிறகு சுத்திகரிப்பு நிலையம், காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு. பிறகு உன் லாரி. வீட்டுக்கு வாரம் ஒரு தொட்டி, எல்லோருக்கும் ஒரே அளவு என்று ஊர்க் கவுன்சில் பட்டியல் போட்டிருப்பது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பேச்சு வந்துகொண்டே இருந்தது. நீ பட்டியலைப் பார்த்துத் தண்ணீர் விடுவதில்லை, வாசலில் கிடக்கும் பூட்ஸை எண்ணித்தான் விடுகிறாய் என்பதையும் சொல்லிவிட்டேன். பட்டியலில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் பதினான்கு ஜோடி கிடந்தால் அங்கே கூட விட்டு, இரண்டு ஜோடி கிடக்கும் வீட்டில் குறைத்துக்கொள்வதையும், ஆறு வருஷமாக நம் வீட்டுத் தொட்டியைப் பாதிக்குமேல் நிரப்பாததையும் சொன்னேன்.

இது நமக்குள் மட்டும் இருந்த விஷயம். கவுன்சிலுக்குத் தெரிந்தால் உன் வேலை போகும் என்பதும் எனக்குத் தெரியும். வாய் தவறிவிட்டது. தவறிய பிறகும் கொஞ்ச நேரம் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

லொரெட்டா கருவியை நிறுத்திவிட்டார்.

"இது உங்களோடது இல்லையே. அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"என் பெண்டாட்டிதானேங்க."

"பெண்டாட்டின்னா கேக்க வேணாமா?"

அந்தப் பகுதியை அவர் என் கண் முன்னாலேயே அழித்துவிட்டார். ஆனால் அது இல்லாமல் கட்டுரை நிற்கவில்லை. இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வாங்கிய கட்டுரை மாதிரியே இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவு என்பது ஏன் நியாயம் இல்லை என்று காட்ட என்னிடம் வேறு எதுவும் கிடையாது.

அதனால் முறைப்படி கேட்கிறேன். ஒருவருக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கப் போகிறவன் புகையிலை கொண்டு போக வேண்டும் என்பது உனக்கும் தெரிந்ததுதான். புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. சிவப்புத் துணியில் கட்டித் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். எடுத்துக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். விருப்பம் இல்லையென்றால் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பு. நான் வருத்தப்பட மாட்டேன். பட்டாலும் சொல்ல மாட்டேன்.

இசிடோர்


வளைகரை ஏரி
நவம்பர் 17

என் தங்கக் கிழவனுக்கு,

நேற்று விமானத்தில் உன் பொட்டலம் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. தபால் மூட்டையில் பாதி இடைவழியிலேயே நின்றுவிட்டதாம், பனிமூட்டம். கடிதம் எதற்கு? சிவப்புத் துணியில் கல்யாணப் பரிசு மாதிரிச் சுற்றி, மேலே முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறாயே, அதிலேயே எல்லாம் தெரிகிறது. தப்புச் செய்தவன்தான் இவ்வளவு அழகாக முடிச்சுப் போடுவான்.

ஈஸ்டரிலிருந்து புகைப்பதை விட்டிருந்தேன், உனக்கே தெரியும். பாதிரியார் முன்னால் சொல்லிவிட்டு விட்டது. ஆனால் புருஷன் மனம் வருந்தி அனுப்பியதை வீணாக்கினால் அது அதைவிடப் பாவம் என்று வெர்னா சொன்னாள். சுருட்டக் காகிதம் அவள் கொண்டுவந்தாள். லாரிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இரண்டு பேரும் இழுத்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு என் கோபம் மூக்கு வழியாக வெளியே போவதைக் கண்ணால் பார்த்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று இல்லை. பாதி. மீதிப் பாதிக்கு இன்னொரு பொட்டலம் அனுப்பு.

உன் டெல்ஃபீன்


வளைகரை ஏரி
நவம்பர் 20

இசிடோர்,

பனிமூட்டம் விலகிவிட்டது. உன் கடிதம் வந்துவிட்டது.

லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படித்தேன். படித்துவிட்டு உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஏரிக்கு அந்தப் பக்கம் நாய்கள் குரைத்தன. பிறகு வெர்னா வீட்டுக்குப் போய்க் கடிதத்தை அவள் மடியில் எறிந்தேன். படித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அண்ணி, அத நாம குடிச்சிட்டோமே."

"தெரியாம குடிச்சதுடி!"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? வாங்கிட்டா வாங்கினதுதான். சாம்பலையா திருப்பி அனுப்புவ?"

"நீயும்தான பாதி இழுத்த. நீ போய்ச் சொல்லு."

"எனக்கு லாரி ஓட்டத் தெரியாதே."

நான் மாட்டிக்கொண்டேன். பொய் சொல்லலாம், காற்றில் பறந்துவிட்டது என்று எழுதலாம். ஆனால் அந்தப் பொருளை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டவள் என்று நான் இருக்க மாட்டேன். ஆகவே கேட்டுக்கொள். சொல்கிறேன் என்பதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

நான் பூட்ஸ் எண்ணத் தொடங்கியது ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரியில். கோடியில் இருக்கும் நீல வீட்டில் பட்டியலில் நாலு பேர். நான் தொட்டியை நிரப்பிவிட்டு மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனேன். அந்த வீட்டுப் பெண் பானையில் பனியை அள்ளி அடுப்பில் உருக்கிக்கொண்டிருந்தாள். "தண்ணி என்னாச்சு?" என்றேன். "தீந்துபோச்சு அக்கா" என்றாள், என்னவோ அவளே குடித்துத் தீர்த்த மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு. குனிந்த இடத்தை நானும் பார்த்தேன். வாசலில் பன்னிரண்டு ஜோடி பூட்ஸ். அதில் ஐந்து என் உள்ளங்கை அளவு. அவள் தங்கையின் வீடு எரிந்து, எல்லோரும் இங்கே வந்து படுக்கிறார்கள். பட்டியலுக்கு அது தெரியாது. பூட்ஸுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எண்ணுகிறேன். ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். காய்ந்தது ஊரில் இல்லாதவனுடையது, கணக்கில் சேர்க்கக் கூடாது. சின்னது இரண்டு ஒரு பெரியதுக்குச் சமம் என்று முதலில் நினைத்தேன். தப்பு. சின்னதுக்குத்தான் அதிகம் வேண்டும், துணி துவைக்க. எந்த வீட்டில் குறைத்தேனோ அவர்களிடம் இன்றுவரைக்கும் சொன்னதில்லை. அது நல்ல காரியமா என்று எனக்குத் தெரியாது. திருட்டு என்று அவர்கள் சொன்னால் நான் சண்டை போட மாட்டேன். இதையும் எழுது. நல்லதை மட்டும் எழுதினால் கொன்றுவிடுவேன்.

என் நிபந்தனைகள். ஒன்று, "ஒரு பெண் ஓட்டுநர்" என்று எழுதாதே. பெயரைப் போடு. முழுப் பெயர். வேலை போனால் பெயரோடு போகட்டும். கவுன்சில் வெள்ளிக்கிழமை கூடுகிறது. உன் பேராசிரியர் படிப்பதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது, நான் சொன்னதில் அந்தப் பச்சை மைக்காரி ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது.

இப்போது என் உண்மையான குறை. அவள் கருவியை நிறுத்தினாள் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவளாக இருந்தால் வசதியாக இருந்திருக்கும். என் ரகசியத்தை நீ கொட்டுகிறாய், என்னைப் பார்த்தே இராத ஒருத்தி மூடிவைக்கிறாள். நீ செய்ய வேண்டியதை அவள் செய்திருக்கிறாள். அழகாக வேறு இருக்கிறாளாம்.

டெல்ஃபீன்


வின்னிபெக்
நவம்பர் 27

டெல்ஃபீன்,

உன் கடிதத்தை எழுத்து உதவி அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பூட்ஸ் வரும் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். மற்றதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை வாய் தவறவில்லை.

அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். காய்ந்த பூட்ஸைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற இடத்தில் ஒருவன் மேசையைத் தட்டினான். "எங்க ஊர்லயும் லாரிதான். அந்த டிரைவருக்கு இது தெரியாதே" என்றாள் இன்னொருத்தி. லொரெட்டா ஒன்றும் மாற்றவில்லை. "இதுல எனக்கு வேலையே இல்ல" என்றார்.

நீ பொறாமைப்பட்டதைப் பற்றி எனக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது. இரண்டு மாதமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதினேழு தடவை எழுதியவன் நான். ஒருவரும் மேசையைத் தட்டியதில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் லாரிக்குள் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி அனுப்புகிறாள். இப்போது என்னைப் பார்த்தால் எல்லோரும், "உங்க வீட்டம்மா வேற என்ன எழுதியிருக்காங்க?" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

உன் தேநீரில் குறை இல்லை. இலை, பால், போட்டவள் எல்லாம் சரி. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்துவிடும், அதனால் திறக்காமலே இருந்துவிட்டேன். இங்கே யாருக்கும் என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேறு வழியில்லாமல் பேசினேன். பேசப் பேச, அதில் பாதி உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது என்று தெரிந்தது. எழுதிவிட்டேன். தொலைபேசியில் இது "ம்" என்றுதான் வந்திருக்கும்.

திங்கட்கிழமை கட்டுரையைக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கவுன்சில் என்ன சொன்னது? உனக்கு வேலை இருக்கிறதா?

இசிடோர்


வளைகரை ஏரி
டிசம்பர் 18

என் கிழவனுக்கு,

வேலை இருக்கிறது, இன்றைக்குக் காலை நிலவரப்படி. கவுன்சிலில் இரண்டு மணி நேரம் சண்டை. "விதின்னா விதிதான்" என்றார் ஒருவர். "உங்க வீட்டு வாசல்ல எத்தனை ஜோடி?" என்று வெர்னா பின்னாலிருந்து கேட்டாள். "நாலு" என்றார். "ஒம்போது" என்றேன் நான். உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் குறைத்த வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் என்னிடம் இன்னும் பேசவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைசியில் ஜனவரியில் வீடு வீடாகத் தலை எண்ணிப் புதுப் பட்டியல் போடுவது என்று முடிவானது. அதுவரைக்கும் பழைய பட்டியலைத்தான் பார்க்க வேண்டுமாம். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள். மூன்று பக்கம். வாதம் எங்கே என்று தேடினேன். இல்லை.

உன் கட்டுரை இன்றைக்குக் காலை வந்தது. நூற்றுக்கு எழுபத்தொன்பது! அடுத்த பருவமும் உண்டு என்று உறையின் மேலேயே எழுதியிருந்தாய், பிரிக்கும்வரைக்கும் பொறுக்க மாட்டேன் என்று தெரிந்து. லாரிக்குள் உட்கார்ந்துதான் படிக்கிறேன். பன்னிரண்டு பக்கத்தில் எனக்குப் புரிந்தது ஏழு. அந்த ஏழும் என்னுடையதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் நீ யார் யாரிடம் தெரிந்துகொண்டாய் என்று ஒரு வரிசை இருக்கிறது. எல்லாம் பேராசிரியர்கள், புத்தகங்கள். நடுவில் டெல்ஃபீன் மெர்காஸ்டி, க்ரீ, வளைகரை ஏரி, தண்ணீர் லாரி ஓட்டுநர், தண்ணீர் பங்கிடும் முறை பற்றிக் கடிதத்தில் தெரிவித்தது, நவம்பர் 20. எனக்கு மேலே ஒரு பேராசிரியர், கீழே ஒரு பேராசிரியர். இரண்டு பேருக்கும் புத்தகம் வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் முன்பக்கத்து நன்றியை எண்ணிப் பார்த்தேன். லொரெட்டாவுக்கு இரண்டு வரி. எனக்கு ஒன்றரை. வீட்டுக்கு வா, பேசிக்கொள்வோம். அவளுக்கு வெண்மீன் கருவாடு ஒரு கட்டு போட்டு வைத்திருக்கிறேன், திரும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டு போ. சின்னக் கட்டுதான்.

இந்த இடத்தில் எழுதுவதை ஐந்து நிமிஷம் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. நான் இப்போது நிற்பது கவுன்சில் தலைவர் வீட்டு வாசலில், குழாய் அவருடைய தொட்டிக்குள் இருக்கிறது. அது நிரம்பக் கால் மணி நேரம் ஆகும். என் பெயர் வந்த வரியை விரல் வைத்து எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை, ஆனால் லாரி காலி. தொட்டி போக மீதி அவருடைய வீட்டு நிலவறையில் இருக்கிறது. தலைவர் நனைந்த காலுறையோடு படியில் நின்று என்னைக் கூப்பிடுகிறார். மூஸ் கறி வைத்திருந்த உறைபெட்டி மிதக்கிறதாம். அவருடைய வீட்டுச் செருப்பில் இடது கால் கிடைத்துவிட்டது.

டெல்ஃபீன்